எந்த வார்டுக்கும் ஒரு சிஸ்டர்

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் மருத்துவமனைகளுக்கான ரோஸ்டர் மென்பொருள் ஒன்றை எழுதினோம். எந்த நர்ஸுக்கு எந்த நாளில் எந்த ஷிஃப்ட், எந்த வார்டு என்று பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள். அதில் என் பங்கு சின்னது. ஒரு வார்டில் ஆள் குறைந்தால் வேறு வார்டிலிருந்து யாரை அனுப்பலாம் என்று கண்டுபிடிக்கும் பகுதி என்னுடையது. நிபந்தனைகள் மூன்றுதான். அவர் பதிவு பெற்ற செவிலியராக இருக்க வேண்டும். முந்தைய இரவு நைட் ட்யூட்டி பார்த்திருக்கக் கூடாது. அவர் கிளம்பிப் போனாலும் அவருடைய வார்டில் குறைந்தபட்ச எண்ணிக்கை மிஞ்ச வேண்டும். மூன்றும் சரியென்றால் பெயர் பச்சை நிறத்தில் வரும். சூப்பரின்டெண்டென்ட் அந்தப் பெயரைத் தொட்டால் போதும், நர்ஸின் போனுக்குச் செய்தி போய்விடும். டெமோவில் அந்தப் பச்சைப் பட்டியலைக் காட்டியபோது வாடிக்கையாளர் தரப்பில் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் பெரியம்மா மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே வேலைக்குப் போனவள். அதில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில்தான். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒருநாள் காலை வாட்ஸாப் குழுவில் அன்றைய பட்டியல் வந்தது. அக்காவின் பெயர் பெரியவர்களின் ஐசியுவுக்கு நேராக இருந்தது. அவர்களிடம் எங்கள் மென்பொருள் கிடையாது. யாரோ எக்ஸெல்லில் ஒரு பெயரை வெட்டி இன்னொரு கட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். ஆனால் என் மென்பொருள் இருந்திருந்தாலும் அன்று அவள் பெயர் பச்சையாகத்தான் வந்திருக்கும். மூன்று நிபந்தனைகளும் சரியாக இருந்தன.

அங்கே நடந்ததை அவள் என்னிடம் சொன்னது ஒரு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டு மொட்டைமாடியில்.

ஐசியுவில் இரண்டாவது நாள் இரவு. அவளிடம் மூன்று நோயாளிகள். ஒருவருக்கு நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. விழுந்துவிட்ட ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து அது. பம்ப்பில் பொருத்திய சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். சிரிஞ்ச் தீரப்போகிறது என்று பம்ப் சத்தம் போட்டது. குழந்தைகள் வார்டில் அந்தச் சத்தம் கேட்டால் நிதானமாக அடுத்ததைத் தயார் செய்து மாட்டலாம். அங்கே ஓடுவது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கும் ட்ரிப்ஸும். அக்கா அதே நிதானத்தில் மருந்தை எடுக்கப் போனாள். நார்அட்ரினலின் ரத்தத்தில் தங்குவது ஓரிரு நிமிடங்கள்தான். ஐசியு நர்ஸ்கள் பழைய சிரிஞ்ச் தீர்வதற்கு வெகுமுன்பே அடுத்ததை இன்னொரு பம்ப்பில் தயாராக ஏற்றி வைத்துவிடுவார்கள். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே அவளிடம் யாரும் சொல்லவில்லை. மானிட்டரில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து சரிசெய்தாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்னைவிட பத்து வயசு கம்மி. திட்டக்கூட இல்ல. 'பரவால்லக்கா'ன்னு சொன்னா. திட்டியிருந்தாக்கூட தூங்கியிருப்பேன்டா" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்த மொட்டைமாடிப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான். நர்ஸை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு நகர்த்தலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதை முதலில் கணக்காகப் பார்த்தவர்கள் யார்? அதை வலியாகப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

*

நவீன செவிலியர் பணியின் கதையை எல்லோரும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலில் இருந்துதான் தொடங்குவார்கள். 1854 நவம்பரில் 38 பெண்களோடு அவர் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய் இறங்கியது, விளக்கோடு நடந்தது எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அவர் ஒரு புள்ளியியலாளர் என்பது கொஞ்சம் பேருக்குத் தெரியும். கட்டடத்தைப் பற்றியும் அதே தீவிரத்தோடு யோசித்தவர் என்பது இன்னும் கொஞ்சம் பேருக்கு. நைட்டிங்கேல் வார்டு என்று இன்றும் அழைக்கப்படுவது, இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்களும் சுமார் 30 படுக்கைகளும் கொண்ட ஒரே நீண்ட கூடம். அறைகளாகப் பிரித்தால் எல்லா நோயாளிகளும் ஒருத்தியின் கண்பார்வையில் இருக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். அந்த ஒருத்திதான் வார்டு சிஸ்டர்.

நம்மூரில் எல்லா நர்ஸும் சிஸ்டர்தான். இங்கிலாந்தில் அது ஒரு பதவி. ஒரு வார்டுக்கு ஒரு சிஸ்டர். லண்டனின் பழைய மருத்துவமனைகள் சிலவற்றில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக்கூட அழைக்க மாட்டார்கள், வார்டின் பெயரே அவர் பெயர். நம் கிராமங்களில் வாக்கப்பட்டு வந்த பெண்ணை அவள் பிறந்த ஊர்ப் பெயரைச் சொல்லி அழைப்பதுபோல. அந்த அளவுக்கு ஆளும் இடமும் ஒன்று. எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எந்த மருத்துவரின் கையெழுத்தை எப்படிப் படிக்க வேண்டும், எந்த நோயாளி வலியைச் சொல்லாமல் மறைப்பார் என்பதெல்லாம் ஒரே தலைக்குள் இருந்தன.

ஆனால் அதே அமைப்புக்கு இன்னொரு முகம் உண்டு. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதியில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் முறை, மாணவிகள் வார்டிலேயே வேலை செய்து கற்பது. கற்பதற்காக வார்டு வார்டாக மாறுவது நியாயமானதுதான். எல்லா வகை நோயாளிகளையும் பார்க்க வேண்டுமே. ஆனால் பயிற்சியும் வேலையும் ஒரே உடம்பில் நடக்கும்போது, இந்த நகர்வு படிப்புக்காகவா ஆள் பற்றாக்குறைக்காகவா என்பது சீக்கிரமே தெரியாமல் போய்விடும். பயிற்சிப் பள்ளிகள் உலகெங்கும் பரவின. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. கூடவே இந்தக் குழப்பமும் பரவியது. சிஸ்டர் அசையாமல் இருந்தார், அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

*

அந்த ஓட்டத்தை முதன்முதலில் நின்று கவனித்தவராக எனக்குத் தெரியவந்தவர் இசபெல் மென்ஸீஸ். ஸ்காட்லாந்துக்காரர், 1917-ல் பிறந்தவர். பொருளாதாரமும் உளவியலும் படித்து, பிறகு உளப்பகுப்பாய்வாளராகப் பயிற்சி பெற்றவர். லண்டனில் டாவிஸ்டாக் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1950-களின் பிற்பகுதியில் லண்டனின் ஒரு பெரிய போதனா மருத்துவமனை டாவிஸ்டாக்கிடம் உதவி கேட்டு வந்தது. கேட்டது மனநலம் பற்றி அல்ல. மாணவி நர்ஸ்களை வார்டுகளுக்கு ஒதுக்கும் முறையைச் சீரமைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். படிப்புக்காகப் போட்ட திட்டத்தை அன்றாடத் தேவைகள் உடைத்துக்கொண்டே இருந்தன. இது ஒருநாள் மொத்தமாகச் சரிந்துவிடும் என்று மூத்தவர்கள் பயந்தார்கள். இன்றைக்கு என்றால் என்னைப் போன்ற ஒருவனிடம் ரோஸ்டர் மென்பொருள் கேட்டு வந்திருப்பார்கள்.

மென்ஸீஸின் கட்டுரை 1960-ல் ஹியூமன் ரிலேஷன்ஸ் இதழில் வந்தது. மருத்துவமனையின் பெயர் அதில் இல்லை. சுமார் 700 பேர் கொண்ட செவிலியர் படை. அதில் முழுப் பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய 150 பேர். மற்ற எல்லோரும் மாணவிகள். நோயாளியின் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலையில் பெரும்பகுதி, பள்ளிப் பருவத்தை அப்போதுதான் தாண்டிய பெண்களின் கைகளில் இருந்தது. மென்ஸீஸ் குழு சுமார் 70 நர்ஸ்களிடம் தனியாகவும் சிறு குழுக்களாகவும் பேசியது, வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தது. மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிப்பதில்லை. தேர்வில் தோற்றுப் போகிறவர்களைவிடத் தாமாகவே விலகுகிறவர்கள் அதிகம். ஓரிரு நாள் விடுப்பு எடுக்கவைக்கும் சின்னச் சின்ன உடம்பு முடியாமையும் அதிகம்.

இதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நோயாளியின் அருகில் இருப்பதே மனதைக் கலக்கும் வேலை. அருவருப்பு, பரிதாபம், பாசம், கோபம், பயம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். ஒரு 18 வயதுப் பெண் அதை எப்படித் தாங்குவாள்? அவள் தாங்குவதற்கு அந்த நிறுவனம் உதவவில்லை. அவளுக்கு அந்த உணர்ச்சியே வராமல் இருக்கும்படி வேலையை அடுக்கி வைத்துவிட்டது. ஒரு நோயாளியை முழுவதுமாக ஒருத்தி பார்ப்பதற்குப் பதில், வேலைகளைத் துண்டுகளாக்கி ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டு. ஒருத்தி வார்டு முழுக்கக் காய்ச்சல் பார்ப்பாள், ஒருத்தி வார்டு முழுக்கப் படுக்கை விரிப்பாள். நோயாளியைப் பெயரால் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் நோயாலும் சொல்வது. இது நமக்கும் புதிதில்லை, அக்காவே வீட்டில் "ஏழாம் பெட் டெங்கு" என்றுதான் பேசுவாள். சொந்தமாக முடிவெடுக்க இடமில்லாதபடி எல்லாவற்றுக்கும் சடங்குபோல ஒரு முறை. சரிபார்த்ததைத் திரும்பவும் சரிபார்ப்பது.

அந்தப் பட்டியலில்தான் வார்டு மாற்றமும் வருகிறது. திடீரென்று, சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல், மாணவிகள் வார்டு விட்டு வார்டு மாற்றப்பட்டார்கள். மாறுவது வலிக்கும் என்று மூத்தவர்களுக்குத் தெரியும், அவர்களும் அப்படி மாறி வந்தவர்கள்தான். ஆனால் அங்கே எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. நல்ல நர்ஸ் என்றால் மாற்றத்தைப் பெரிதுபடுத்த மாட்டாள். பழகிய நோயாளியையும் பழகிய தோழிகளையும் விட்டுப் போவது அடிக்கடி நடந்தால், யாரோடும் ஒட்டாமல் இருக்கத் தானாகவே பழகிக்கொள்வாள். மென்ஸீஸ் பார்வையில் இந்த மாற்றங்கள் நிர்வாகக் கோளாறு மட்டும் இல்லை. ஒட்டுதலைத் தடுப்பதற்காக, யாரும் திட்டமிடாமலே வளர்ந்துவிட்ட ஒரு தற்காப்பு. அந்தத் தற்காப்பு வேலையும் செய்யவில்லை என்பதுதான் சோகம். நோயாளியால் வரும் பதற்றத்தை மறைத்து, அதற்குப் பதில் புதுப் பதற்றத்தைக் கொண்டுவந்தது. நாளைக்கு எங்கே போடுவார்கள், அங்கே என்ன தெரியாமல் மாட்டிக்கொள்வேன் என்ற பதற்றம்.

'திட்டியிருந்தாக்கூட தூங்கியிருப்பேன்' என்று அக்கா சொன்னதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையின் முடிவில் பெரிய வெற்றிக் கதை எதுவும் இல்லை. சில மாற்றங்களைச் செய்தார்கள், அடிப்படை அப்படியே இருந்தது. இங்கிலாந்தில் மாணவிகளை வார்டின் ஆள் கணக்கிலிருந்து விலக்கி உண்மையான மாணவிகளாக நடத்தும் திட்டம் வர 1980-களின் இறுதி ஆனது.

*

அதே வருடங்களில் அட்லான்டிக்கின் மறுகரையில் இன்னொரு கூட்டம் இதே வார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. 1956 முதல் அங்கே செயல்முறை ஆய்வுப் பிரிவை நடத்தியவர் சார்லஸ் ஃப்ளேகிள் என்ற பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் கான்வாய்களுக்கும் குண்டு விமானங்களுக்கும் பயன்பட்ட கணிதத்தை நோயாளிகளின் பக்கம் திருப்பியவர்களில் ஒருவர். என் தொழிலின் தாத்தாக்கள் இவர்கள்.

அங்கே ராபர்ட் கானர் என்ற ஆய்வாளர் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார். தன் வேலையைத் தானே செய்துகொள்பவர், பாதி உதவி தேவைப்படுபவர், முழு உதவி தேவைப்படுபவர். ஒரு பகல் ஷிஃப்டில் இவர்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் நர்ஸ் நேரம் சுமாராக அரை மணி, ஒரு மணி, இரண்டரை மணி. வார்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதைவிட அதில் எத்தனை பேர் மூன்றாம் வகை என்பதுதான் வேலைச்சுமையைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. ஒரு வார்டில் ஏறும்போது இன்னொரு வார்டிலும் ஏறும் என்று அவசியமில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பணம் இருக்கிறது. ஒரு வார்டுக்குச் சராசரியாக 6 நர்ஸ் தேவை, மோசமான நாளில் 8 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வார்டும் தனித்தனியாக 2 பேரைக் கூடுதலாக வைத்துக்கொண்டால், 16 வார்டுக்கு 32 பேர் கூடுதல். பெரும்பாலான நாட்களில் அவர்கள் சும்மா நிற்பார்கள். ஆனால் 16 வார்டுகளுக்கும் மோசமான நாள் ஒரே நாளில் வராது. கூடுதல் ஆட்களைப் பொதுவில் வைத்துத் தேவைப்படும் இடத்துக்கு அனுப்பினால், 16-இன் வர்க்கமூலம் 4, அதை 2-ஆல் பெருக்கினால் 8. அதே பாதுகாப்பு, 32 பேருக்குப் பதில் 8 பேரில். காப்பீடு நிறுவனங்கள் பிழைப்பதும் இதே கணக்கில்தான். 1965-ல் ஹார்வி வுல்ஃப், ஜான் யங் இருவரும் நர்ஸிங் ரிசர்ச் இதழில் இந்த முறையை விரிவாக எழுதினார்கள். வார்டுக்கு ஓர் அடிப்படை எண்ணிக்கை, மீதியை அன்றன்றைய தேவைக்கேற்பப் பகிர்வது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று. வார்டுகளில் உச்சச் சுமைக்கு ஏற்ப ஆள் வைத்திருந்ததால் மாணவிகள் பல நேரம் வேலையில்லாமல் நின்றார்கள் என்பதை மென்ஸீஸும் பார்த்தார். அவர் அதற்குப் பின்னால் பயத்தைப் பார்த்தார். பால்டிமோர்க்காரர்கள் அதில் வர்க்கமூலத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பார்த்ததும் உண்மைதான். ஆனால் தொழில்துறை எதைக் கையில் எடுத்துக்கொண்டது என்று சொல்லவேண்டியதில்லை. 1976-ல் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இதழில் நர்ஸ் ரோஸ்டரைக் கணிதத் தேர்வுமுறையாக எழுதும் இரண்டு கட்டுரைகள் வந்தன. பிறகு அது கணினி அறிவியலின் புகழ்பெற்ற கடினக் கணக்குகளில் ஒன்றானது. 2010-ல் இதற்கென்றே சர்வதேசப் போட்டிகூட நடத்தினார்கள். நான் என் நிரலை எழுதியபோது படித்ததெல்லாம் இந்த மரபைத்தான். மென்ஸீஸ் என்ற பெயரை அந்த வேலை முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

பால்டிமோர்க்காரர்களைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆளே இல்லாமல் நோயாளி கிடப்பதைவிடப் பழகாத ஆள் ஒருவர் வருவது மேல். அவர்கள் எண்ணியதும் நேர்மையான எண்ணிக்கை. வழுக்கல் அந்தக் கணக்கின் உள்ளே, ஒரு சமக்குறியில் இருக்கிறது. இந்த வார்டு நர்ஸ் = அந்த வார்டு நர்ஸ். வர்க்கமூலச் சூத்திரம் வேலை செய்ய வேண்டுமென்றால் இந்தச் சமக்குறி உண்மையாக இருக்க வேண்டும்.

*

அது எவ்வளவு உண்மை என்று அக்காவிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டேன். புது வார்டுக்குப் போனால் என்னவெல்லாம் தெரியாது? அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

க்ராஷ் கார்ட் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாது. மருந்து அலமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று தெரியாது. பம்ப் வேறு கம்பெனி, அதன் அலாரம் எதற்காக அடிக்கிறது என்று தெரியாது. கேஸ் ஷீட்டில் அந்த வார்டு டாக்டர்கள் எழுதும் சுருக்கங்கள் தெரியாது. குழந்தைகள் வார்டில் எல்லா மருந்தும் எடை பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் கொடுப்பார்கள். பெரியவர்கள் வார்டில் ஒரு முழு ஆம்பியூலை அப்படியே எடுக்கும்போது, சரி என்று தெரிந்தும் கை நடுங்கும். எந்த டாக்டரை நடுராத்திரி எழுப்பலாம், யாரை எழுப்பினால் கத்துவார் என்று தெரியாது. முக்கியமாக, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்றே தெரியாது.

"நம்ம வார்டுல ஒரு கொழந்தை அழாம படுத்துருந்தா எனக்கு வயித்தக் கலக்கும். அழுதா கவலையே இல்ல. அந்த மாதிரி அங்க எது அழுகை, எது அழாம இருக்குறதுன்னு எனக்குத் தெரியலடா."

இவை வேலை. இவற்றுக்கு மேல் மனுஷங்க இருக்கிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்குப் பெயர் கிடையாது, "பீடியாட்ரிக்ஸ் சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டின் பெயரால் சிஸ்டரை அழைத்த அந்தப் பழைய லண்டன் வழக்கம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. அங்கே அது உரிமை, இங்கே அந்நியம். அந்த வார்டு ஆட்களுக்குப் பழகிய நோயாளிகள் போக மீதி வருபவருக்கு வரும், சில நேரம் யாருக்கும் வேண்டாத நோயாளி வருவார். அடிக்கடி சந்தேகம் கேட்டால் எரிச்சல்படுவார்கள். கேட்காமல் விட்டால் தப்பு நடக்கும். நடந்தால் கையெழுத்து யாருடையது? பதிவு யாருடையது? அக்கா பயந்தது இதற்குத்தான். கூடவே ஒரு குற்றவுணர்ச்சி. தன் வார்டில் ஓர் ஆள் குறைவாக அங்கே திண்டாடிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும், போனில் கேட்கவும் நேரமில்லை.

இதில் ஒன்றுகூட என் மூன்று நிபந்தனைகளில் இல்லை.

*

கோவிட் வந்தபோது அந்தச் சமக்குறி உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டது.

வர்க்கமூலக் கணக்குக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. எல்லா வார்டுக்கும் மோசமான நாள் ஒரே நாளில் வரக்கூடாது. தொற்று அதைத்தான் உடைக்கும். எல்லா ஐசியுவும் ஒரே வாரத்தில் நிரம்பினால் பொதுவில் வைத்த எட்டுப் பேர் எங்கே போவார்கள்? மறுபக்கம், தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் நின்றன, சில வார்டுகள் காலியாகின. எண்ணிக்கையாகப் பார்த்தால் அங்கே நர்ஸ்கள் இருந்தார்கள். அவர்களைத்தான் நகர்த்தினார்கள். இங்கிலாந்தின் ஐசியுக்களில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது வழக்கம். 2020-ல் நெருக்கடி உச்சத்தில் அதைத் தளர்த்தி, ஆறு நோயாளிக்கு ஓர் ஐசியு நர்ஸ், அவருக்குக் கீழே மற்ற வார்டுகளிலிருந்து வந்தவர்கள் என்று அனுமதித்தார்கள். ஐசியு நர்ஸ் தன் நோயாளிகளோடு சேர்த்து, பயந்துபோன சக நர்ஸ்களையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

லண்டனில் எக்ஸெல் கண்காட்சி அரங்கை ஒன்பது நாளில் மருத்துவமனையாக்கினார்கள். நம் ஊர் எக்ஸெல்போலவே ஒலிக்கும் பெயர்! 4,000 படுக்கைகள் வரை விரிக்கலாம் என்று திட்டம். 2020 ஏப்ரல் 3-ல் திறந்தார்கள். பெயர் நைட்டிங்கேல் மருத்துவமனை. முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஐம்பது பேரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மற்ற மருத்துவமனைகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சமாளித்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், படுக்கையையும் வென்டிலேட்டரையும் ஒன்பது நாளில் கொண்டுவந்துவிடலாம், ஐசியு நர்ஸைக் கொண்டுவர முடியாது.

தமிழ்நாட்டில் இந்த நகர்த்தலுக்கு அலுவலக மொழியில் "மாற்றுப் பணி" என்று பெயர். நர்ஸ்கள் டெபுடேஷன் என்பார்கள். இங்கே இன்னொரு அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள், மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற வாக்கு நடக்கவில்லை என்று 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கோவிட் காலத்தில் தற்காலிகமாக இன்னும் ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தார்கள். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. அவர்களுக்கு வார்டு மட்டுமில்லை, வேலையே தற்காலிகம். தற்காலிகமாக இருப்பவர் "எனக்கு இந்த வார்டு பழக்கமில்லை" என்று எப்படி வாய்திறப்பார்?

வாய்திறக்கும் உரிமையைச் சட்டமாக்கிய இடமும் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1999-ல் நிறைவேறி 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை எல்லோரும் எண்ணிக்கைக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஐசியுவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுபோல வார்டுவாரியாக உச்சவரம்பு விதித்த சட்டம் அது. அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஒரு நர்ஸை எந்தப் பிரிவுக்கு அனுப்பினாலும், அந்தப் பிரிவைப் பற்றி அவருக்கு முதலில் அறிமுகப் பயிற்சி தந்திருக்க வேண்டும், அங்கே பார்க்கத் தேவையான திறமை அவருக்கு இருப்பது உறுதியாகியிருக்க வேண்டும். தற்காலிகமாக அனுப்பினாலும் அப்படித்தான். பால்டிமோரின் கணக்கை யாரும் தூக்கிப் போடவில்லை. சமக்குறியை மட்டும் சும்மா போடாதே, நிரூபித்துவிட்டுப் போடு என்கிறார்கள். இப்படி ஒரு நிபந்தனையை நிரலில் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். யாருக்கு எந்த வார்டு பழக்கம், கடைசியாக எப்போது அங்கே போனார் என்று ஓர் அட்டவணை, அவ்வளவுதான். பச்சைப் பட்டியல் சின்னதாகியிருக்கும். டெமோவில் கைதட்டல் கிடைத்திருக்காது.

*

இந்தக் கட்டுரையை எழுதுவதாகச் சொன்னபோது அக்காவிடம் ஒன்று கேட்டேன். அந்த நார்அட்ரினலின் ராத்திரிதான் உன்னைத் தூங்கவிடாமல் செய்ததா?

அது கொஞ்ச நாள்தான் என்றாள். அதைவிட வேறு ஒன்று. அன்று காலை பட்டியல் வருவதற்கு முந்தைய நாள்வரை அவள் குழந்தைகள் வார்டில் ஒரு பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமோனியா, நாலு வயது. அக்கா கொடுத்தால் மட்டும்தான் மருந்து குடிக்கும். "நாளைக்கு வர்றேன்"னு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று வாரம் ஐசியு முடிந்து திரும்பிப் போனபோது அந்தப் படுக்கையில் வேறு குழந்தை. நோட்டைப் பார்த்தாள், டிஸ்சார்ஜ் என்று இருந்தது. நல்லபடியாகத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறது.

"அப்புறம் என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல. யாரு மருந்து குடுத்தான்னு கேட்டேன். ஆளாளுக்கு ஞாபகம் இல்லன்னாங்க."

மென்ஸீஸ் 1960-லேயே எழுதிவிட்டார், நோயாளியைப் பாதியில் விட்டுப் போவதும் ஓர் இழப்பு, நிறுவனம் அதை இழப்பாகவே பதிவு செய்வதில்லை என்று. பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கா இப்போது அவள் வார்டின் இன்சார்ஜ். வேறு வார்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அவளால் அதை நிறுத்த முடியாது. மருந்து அலமாரிக் கதவின் உட்புறத்தில், நோட்டில் கிழித்த இரண்டு தாள்களில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள். தலைப்பு: புதுசா வர்றவங்களுக்கு. சாவி எங்கே, க்ராஷ் கார்ட் எங்கே, பம்ப் அலாரம் எது எதற்கு, எந்த டாக்டரை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று வரிசையாக. கடைசி வரி: குழந்தை அழாமல் இருந்தால் உடனே என்னைக் கூப்பிடவும். பக்கத்தில் அவள் போன் நம்பர்.